சுக்கான் தண்டும் ஒரு சொட்டு நீரும்

"ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி" என்பது நம் நாட்டுப் பழமொழி. பயனற்ற ஆரவாரத்தைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லுகிறோம். ஆனால் அதன் நேர்ப்பொருளையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். கப்பலில் ஓட்டை விழுந்துவிட்டால் அந்த ஒன்பது பேரும் என்ன செய்ய வேண்டும்? எட்டுப் பேர் நீரை இறைக்க வேண்டும். ஒருவன் ஓட்டையைத் தேட வேண்டும். அந்த ஒருவனுடைய வேலையைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அதிலும், பாய்க்கப்பல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் பெரும்பாலோர் கண்ணில் படாத ஓரிடத்தை, சுக்கான் தண்டு படகின் அடியைத் துளைத்து உள்ளே வரும் இடத்தை, எடுத்துக்கொள்வோம்.

திருவனந்தபுரத்திலிருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அஞ்சுதெங்கு முதல் மரியநாடு, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் வழியாகக் கன்னியாகுமரி வரையில் நீண்டு கிடக்கும் இந்தக் கரை, அலைக்கு மறைவில்லாத கரை. இதன் தென்பகுதி 1956 நவம்பர் 1 ஆம் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, கடலில் விழவில்லை. குளச்சலிலும் தூத்தூரிலும் பிறந்த நம் மக்கள் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள். சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழருள், கடலை நம்பி வாழ்பவர் தொகை சிறிதன்று. கரையில் இருந்து கேட்பவர்களுக்கும் இந்தப் பேச்சில் பயன் இருக்கும். கிணற்று மோட்டாரின் கசிவை ஒரு முறையாவது அடைத்தவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

முதலில் சுக்கான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடும் படகின் பின்னால் ஒரு பலகையை நீரில் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சற்றே திருப்பினால், ஓடி வரும் நீர் அதன் ஒரு பக்கத்தில் மோதுகிறது. அந்த மோதல் படகின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளுகிறது. பின்புறம் ஒரு பக்கம் போனால் முன்புறம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இவ்வளவுதான் சுக்கானின் தத்துவம். அந்தப் பலகையை எங்கே, எப்படி மாட்டுவது என்பதில்தான் மனிதன் பல நூற்றாண்டுகளைச் செலவிட்டிருக்கிறான்.

மிகப் பழைய முறை துடுப்பு. இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பாருங்கள். பின்முனையில் இருப்பவன் தன் கைத்துடுப்பையே சுக்கானாகப் பிடித்து மரத்தைத் திருப்புகிறான். கட்டுமரத்தில் நீர் ஒழுகுகிறது என்று எவரும் குறை சொன்னதில்லை. அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அலை மேலே ஏறும், இடுக்குகளின் வழியே கீழே இறங்கிவிடும். உள்ளே நீர் தேங்க உள் என்று ஒன்று இல்லை. நீரைத் தடுக்க முயலாமல் அதற்கு வழிவிட்டு வாழ்வது அதன் வலிமை. கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் குடியேறிவிட்டது. இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளை உலகெங்கும் அந்தப் பெயரின் திரிபால்தான் அழைக்கிறார்கள்.

இரண்டாவது முறை, சுக்கானைப் படகின் பின்கட்டையில் வெளியே தொங்கவிடுவது. கதவைக் கீலில் மாட்டுவது போலத்தான். சீன நாட்டில் குவாங்சௌ நகரில் கல்லறையொன்றில் கிடைத்த மண்ணாலான படகு உருவம், சற்றேறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது; அதில் பின்புறச் சுக்கான் தெளிவாக இருக்கிறது. ஐரோப்பாவில் 12 ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில்தான் இது காணப்படுகிறது. நம் தூத்துக்குடித் தோணிகளின் சுக்கானும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இந்த முறையிலும் ஒழுக்குக்கு இடமில்லை. சுக்கான் முழுவதும் படகுக்கு வெளியே இருக்கிறது. உடலில் துளை எதுவும் போடவில்லை.

மூன்றாவது முறையில்தான் நம் கதை தொடங்குகிறது. சுக்கானைப் படகின் அடியிலேயே, பின்முனைக்குச் சற்று உள்ளே தள்ளி வைத்தால், அது எப்போதும் நீருக்குள் இருக்கும், அலையில் படகு தலை கவிழ்ந்து பின்புறம் மேலெழுந்தாலும் பிடிப்பை எளிதில் இழக்காது, கையாள்வதும் இலேசு. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். சுக்கானோடு இணைந்த தண்டு, படகின் அடியைத் துளைத்து மேலே வந்து, திருப்பும் கைப்பிடியோடு சேர வேண்டும். நீருக்கு அடியில் நாமே ஒரு துளையைப் போட்டுவிட்டு, அதன் வழியே நீர் வரக்கூடாது, ஆனால் தண்டு மட்டும் தடையின்றித் திரும்ப வேண்டும் என்கிறோம். எவ்வளவு பேராசை! அந்தப் பேராசையை நிறைவேற்றித் தருவதுதான் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு.

சில படகுகளில் தண்டைச் சூழ்ந்த குழாயை மேல்தளம் வரையில் உயர்த்திவிடுகிறார்கள். குழாய்க்குள் நீர் கடல்மட்டம் வரை ஏறி நின்றுவிடும். அதற்கு மேல் வர வழியில்லை. இவ்வகையில் அடைப்பே பெரும்பாலும் தேவைப்படாது. இதுவே சிறந்த அமைப்பு என்று சொல்லலாம். ஆனால் இடவசதி கருதிப் பல படகுகளில் குழாயைக் குட்டையாக நிறுத்திவிடுகிறார்கள். அதன் வாய் கடல்மட்டத்துக்குக் கீழேயோ, சற்றே மேலேயோ இருக்கும். அங்கே அடைப்பு இன்றியமையாதது.

இந்த அடைப்பின் பழைய வடிவத்தை நம் கிராமத்து மக்கள் நன்கு அறிவார்கள். வயற்கிணற்றின் பம்பு செட்டில், தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கிளாண்டு என்ற ஒரு பகுதி உண்டு. அதற்குள் எண்ணெயும் கொழுப்பும் ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வைத்து, மேலே ஓர் அழுத்துவளையத்தைப் போட்டு, இரண்டு நட்டுகளால் இறுக்குவார்கள். கயிறு நசுங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும், நீர் நிற்கும். சுக்கான் தண்டைச் சுற்றி இருப்பதும் இதே கிளாண்டு, இதே கயிறுதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். பம்பின் தண்டும், படகை உந்தும் விசிறியின் தண்டும் நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்பவை. அங்கே உராய்வினால் சூடு பிறக்கும். ஆகவே தண்டு ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு நீர் கசிவதே நல்லது. அந்த நீர்தான் கயிற்றைக் குளிர வைக்கிறது. முழுதும் உலர இறுக்கினால் கயிறு கருகித் தண்டும் தேயும். சுக்கான் தண்டோ சுழல்வதில்லை. இப்பக்கம் சிறிது, அப்பக்கம் சிறிது என்று மெல்லத் திரும்புகிறது. அங்கே சூடு இல்லை. ஆதலால் சுக்கான் கிளாண்டு முழுக்க உலர்ந்தே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். "கிளாண்டு என்றால் கொஞ்சம் சொட்டத்தானே செய்யும்" என்று விசிறித் தண்டுக்கு உரிய நீதியைச் சுக்கான் தண்டுக்கும் சொல்லி வாளாவிருப்பவர்கள் உண்டு. அந்தச் சமாதானம் இங்கே செல்லாது.

ஒரு சொட்டுத்தானே என்று நினைக்கலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஒரு நாளில் ஏறக்குறைய 4 லிட்டர் நீர் சேரும். ஒரு மாதத்தில் 130 லிட்டர். துறையில் கட்டிக் கிடக்கும் படகில் கேட்பாரற்று இது சேர்ந்தால் பின்புறம் எடை கூடித் தாழும். பின்புறம் தாழ்ந்தால் கிளாண்டு இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். சொட்டு தனக்குத் தானே வழியை அகலப்படுத்திக்கொள்ளும்.

இனி, அடைப்பு முழுவதும் கழன்றுபோனால் என்ன ஆகும்? நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவே உள்ள துளை. அதன் வழியே நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் நீர் உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை டன். கைப்பம்பால் ஒருவன் விடாமல் இறைத்தாலும் நெடுநேரம் ஈடுகொடுக்க முடியாத அளவு இது.

கசிவு ஏன் உண்டாகிறது? காரணங்கள் பல. கயிற்றில் ஊறிய கொழுப்பு நாளடைவில் கரைந்து போகும். கயிறு காய்ந்து இறுகிக் கட்டையாகிவிடும். கரையில் ஏற்றி வைத்த படகில் உப்பு பூத்து மணிமணியாக நிற்கும்; மீண்டும் தண்டு திரும்பும்போது அந்த மணிகள் அரம் போல் தேய்க்கும். நட்டுகள் அதிர்வில் தளரும். இவை எளிய காரணங்கள். இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால், ஒவ்வோர் அலையும் சுக்கானை அடிக்கும்போது தண்டு பக்கவாட்டில் ஆடும். ஆடும் தண்டை எந்தக் கயிறும் கவ்வி நிற்காது. புதுக்கயிறு வைத்து ஒரே மாதத்தில் மீண்டும் ஒழுகுகிறது என்றால், குற்றம் கயிற்றினுடையது அன்று, புஷ்ஷினுடையது.

ஆகவே பழுது பார்ப்பதன் முதற்படி, ஸ்பானரை எடுப்பது அன்று, உற்றுப் பார்ப்பது. படகின் அடிப்பள்ளத்தில் நீர் நிற்கிறது என்றவுடன் சுக்கான் கிளாண்டின் மேல் பழி போடக்கூடாது. மழைநீர் மேல்தள இணைப்புகளின் வழியே வரலாம். குடிநீர்த் தொட்டி கசியலாம். முதலில் எல்லா இடத்தையும் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். புதிதாக ஊறிய துளியை விரல்நுனியால் நாவில் வைத்தால் உவர்ப்பா, நன்னீரா என்பது தெரிந்துவிடும். பிறகு கிளாண்டையும் அதன் கீழுள்ள குழாயையும் சுற்றிச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி வைத்தால், நீர் எங்கே பிறந்து எவ்வழியே ஓடுகிறது என்பதற்குத் தூளில் தடம் விழும். தடம் கிளாண்டின் மேல்வாயில் தொடங்கினால் கயிற்றின் குறை. குழாய் படகின் அடியோடு சேரும் இடத்தில் தொடங்கினால், அது வேறு நோய். குழாயே அடியினின்று பிரிந்து வருகிறது என்று பொருள். அதற்குக் கிளாண்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. படகைக் கரையேற்றி அந்த இணைப்பைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

சில கசிவுகள் படகு நிற்கும்போது மறைந்திருந்து ஓடும்போது மட்டும் தலைகாட்டும். பின்னலை வந்து மோதும்போதும், இயந்திரத்தின் வேகத்தில் பின்புறம் அமுங்கும்போதும், குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. துறையில் பார்த்தபோது எல்லாம் உலர்ந்திருந்தது என்பது சான்றாகாது. ஓட்டத்தின்போது ஒருவர் கைவிளக்கோடு பின்னறையில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

குறை கயிற்றினுடையது என்று தெரிந்துவிட்டால் முதலில் இறுக்கிப் பார்க்கலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, அழுத்துவளையத்தின் இரு நட்டுகளையும் மாறிமாறிக் கால் திருப்பாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் வளையம் சாய்ந்து தண்டைக் கீறும். ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னும் சுக்கானை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். கசிவு நின்றும் கைப்பிடி இலேசாகத் திரும்பினால் அதுவே அளவு. கைப்பிடி கனத்துப் போனால் மிகையாக இறுக்கிவிட்டோம். கனத்த சுக்கான் கையை ஓயச் செய்யும். காற்றின் துணையால் தானே திருப்பும் கருவி பொருத்திய படகுகளில் அந்தக் கருவியையே செயலற்றதாக்கிவிடும்.

நட்டுகள் முழுதும் இறங்கியும் நீர் நிற்கவில்லையானால் கயிற்றை மாற்ற வேண்டும். படகைக் கரையேற்றிச் செய்வதே நலம். கரையேற்ற இயலாதபோது அமைதியான துறையில், பின்புறத்துச் சுமைகளையெல்லாம் முன்பக்கம் மாற்றிவைத்தால், சிறு படகில் பின்புறம் எழும்பும். பல வேளைகளில் குழாயின் வாய் நீருக்கு மேலே வந்துவிடும். வருகிறதா என்று அடையாளம் வைத்துப் பார்த்த பிறகே கிளாண்டைத் திறக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சில படகுகளில் சுக்கானின் முழு எடையும் மேலே உள்ள கைப்பிடித் தலையிலோ ஒரு வளையத்திலோ தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால் சுக்கான் தண்டோடு நழுவிக் கடலுக்குள் போய்விடும். போகும்போது முழுத் துளையையும் திறந்துவிட்டுப் போகும். ஆகையால் எதையும் கழற்றுமுன் சுக்கானைக் கயிற்றால் கீழிருந்து தாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய கயிற்றை முழுவதும் எடுக்க வேண்டும். மேல் வளையம் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைத் திணிப்பது சோம்பேறியின் வைத்தியம். நுனியில் திருகாணி போன்ற சுருள் உள்ள வளைகம்பி இதற்காகவே கிடைக்கிறது. அதைக் கயிற்றில் திருகி இழுத்தால் வளையம் வெளியே வரும். கம்பி தண்டைக் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கீறல் எத்தனை கயிறு வைத்தாலும் நீருக்கு வாய்க்காலாகிவிடும். பின்பு தண்டைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்து, சிறு சொரசொரப்பு இருந்தால் நுண்மையான தேய்ப்புத்தாளால் மெருகிட வேண்டும்.

கயிற்றின் பருமனை எப்படி அறிவது? தண்டு 50 மில்லிமீட்டர், கிளாண்டின் உட்குறுக்களவு 70 மில்லிமீட்டர் என்றால், இடைவெளி ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டர். எனவே 10 மில்லிமீட்டர் சதுரக் கயிறு வேண்டும். ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளம் செல்லும். நான்கு வளையத்துக்கு ஒரு மீட்டர் வாங்கினால் போதும். தண்டின் அளவே உள்ள ஒரு குழாயின் மேல் கயிற்றைச் சுற்றிவைத்துக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டினால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று நன்கு பொருந்தும். ஒரே நீளக் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றித் திணிக்கக் கூடாது. சுருளின் இடுக்கே நீருக்குப் படிக்கட்டாகும். தனித்தனி வளையங்களாக வைத்து, ஒவ்வொன்றையும் அடிவரை அழுத்திய பின்னரே அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு வளையத்தின் சந்து கிழக்கே இருந்தால், அடுத்ததன் சந்து தெற்கே, அதற்கடுத்தது மேற்கே, பின்பு வடக்கே என்று மாறி அமைய வேண்டும். கொத்தனார் செங்கல் வரிசையில் சந்துக்கு மேல் சந்து வராமல் கட்டுகிறாரே, அதே நியாயம்தான்.

கயிற்றின் இனத்தையும் கவனிக்க வேண்டும். கொழுப்பூட்டிய சணல்நார்க் கயிறு பழைமையானது. இன்றும் நன்றாகவே உழைக்கிறது. டெஃப்லான் ஊட்டிய கயிறு நெடுநாள் வரும். பம்புக் கடைகளில் கிடைக்கும் கரிய கிராஃபைட் கயிற்றைக் கடல்நீரில் எஃகுத் தண்டுக்குப் பயன்படுத்தலாகாது. கிராஃபைட்டும் எஃகும் உப்புநீரும் சேர்ந்தால் மின்கலம் போல் வேலை செய்து, எஃகை அரித்துவிடும்.

எல்லாப் படகுகளிலும் கயிறுதான் இருக்கும் என்பதில்லை. புதிய படகுகள் பலவற்றில், மோட்டார் வண்டித் தொழிலாளர் ஆயில் சீல் என்று சொல்லும் ரப்பர் வளையங்கள் உள்ளன. அவற்றின் உதட்டை நீர் வரும் பக்கம் நோக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் நீரின் அழுத்தமே உதட்டைத் தண்டோடு ஒட்டவைக்கும். வேறு சிலவற்றில் துருத்தி போன்ற ரப்பர் உறை ஒன்று குழாயையும் தண்டையும் இணைத்து, இரு முனையிலும் இரும்புக் கிளிப்புகளால் கட்டப்பட்டிருக்கும். அங்கே ரப்பர் வெடித்திருக்கிறதா, கிளிப்பு துருவேறியிருக்கிறதா என்று மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். முனைக்கு ஒன்றாக இருக்கும் கிளிப்பை இரண்டாக்கினால் செலவு சிறிது, காப்பு பெரிது.

கயிற்றை எடுத்த சமயத்தில் தண்டையும் நன்றாகச் சோதிக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. அந்த எஃகு காற்றிலும் ஓடும் நீரிலும் உள்ள பிராணவாயுவால் தன்மேல் ஒரு மெல்லிய கவசத்தை அமைத்துக்கொள்கிறது. கயிற்றுக்கு அடியில் தேங்கி நிற்கும் உப்புநீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் கவசம் அழியும். ஊசிக்குத்து போன்ற குழிகள் தோன்றி உள்ளே உள்ளே போகும். வெளியே பளபளக்கும் தண்டு, கயிறு மறைத்த இடத்தில் பாதி அரிக்கப்பட்டிருக்கலாம். சொட்டு நீரைவிட அஞ்சத்தக்கது இதுவே. கசிவு உள்ளே நீரைக் கொண்டுவரும். முறிந்த தண்டோ சுக்கானையே பறித்துக்கொண்டு போய்விடும். கரையேற்றிய படகில் சுக்கானின் கீழ்முனையைப் பிடித்து இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளிப் பார்த்தால் புஷ்ஷின் தேய்மானமும் கையிலேயே தெரிந்துவிடும்.

நடுக்கடலில் கசிவு பெருகினால்? வேகத்தைக் குறைத்துச் சுமையை முன்னே மாற்றுவது முதல் மருந்து. கிளாண்டின் வாயில் கிரீஸ் தோய்த்த துணித்திரியைச் சுற்றி அமுக்கி, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்த பட்டையை இறுகச் சுற்றிக் கட்டினால், துறை சேரும் வரை தாங்கும். மென்மரத்தால் செய்த கூம்பு முளைகள் சிலவற்றை ஒவ்வொரு படகிலும் வைத்திருக்க வேண்டும். நம் முன்னோர் மரக்கலத்தின் பலகைச் சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்துக் கலப்பற்று வேலை செய்தார்களே, அதே கைத்திறன்தான் இந்த அவசர வேளையிலும் கைகொடுப்பது.

உலகைச் சுற்றும் பாய்க்கப்பல்களுக்கும் இந்தப் பின்புறம் தலைவலியாகவே இருந்துவருகிறது. நம் கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் பாய்க்கப்பல் கோவாவில் கட்டப்பட்டது. ஆறு பெண் அதிகாரிகள் அதில் 2017 செப்டம்பரில் புறப்பட்டு உலகைச் சுற்றி, 2018 மே மாதம் திரும்பினர். வழியில் திருப்பும் கருவி பழுதாகி, 2018 ஏப்ரலில் மோரீசுத் தீவில் நின்று சரிசெய்துகொண்டே வந்தார்கள். அதே கப்பலில் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை இருவர் மட்டுமே உலகைச் சுற்றி வந்தனர். ஒருவர் கேரளத்துக் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா; மற்றவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. தமிழ்க்கரையில் பிறந்த ஒரு பெண் பாயையும் சுக்கானையும் நம்பி உலகைச் சுற்றினார் என்பது நமக்குப் பெருமையல்லவா?

2022 இல் தொடங்கிய கோல்டன் குளோப் தனியாள் பந்தயத்தில், கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி இரண்டாமிடம் பெற்றார். அந்தப் பந்தயத்தின்போது 2022 நவம்பரில், பின்லாந்து நாட்டு மாலுமி தாபியோ லெஹ்தினனின் படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே மூழ்கியது. பின்பகுதியில் புகுந்த நீர் சில நிமிடங்களில் படகையே விழுங்கிவிட்டது. அவர் மிதவையில் ஏறித் தப்பினார். தென்னாப்பிரிக்கப் பெண் மாலுமி கிர்ஸ்டன் நாய்ஷேபர் மறுநாள் வந்து அவரை மீட்டார். உதவிக்காக அபிலாஷும் தம் படகைத் திருப்பினார். ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டுக் கரைகளிலோ 2020 முதல் ஓர்க்கா என்னும் பெரிய கடல்விலங்குகள் பாய்ப்படகுகளின் சுக்கான்களை மோதி முறித்துவருகின்றன. சில படகுகள் அதனால் நீர் புகுந்து மூழ்கியுள்ளன. சுக்கான் தண்டுக்கு முன்னால் நீர் புகாத தடுப்புச்சுவர் ஒன்று இருந்தால், பின்னறை நிறைந்தாலும் படகு மிதக்கும். இது கப்பல் கட்டுவோர் எண்ண வேண்டிய செய்தி.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழி முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் படகுகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே நுழையும் சில நிமிடங்களில் சுக்கான் சொன்னபடி கேட்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்தாரும் குமரிமாவட்டத்தாரும் பெருந்தொகையாகக் கடலில் மாண்டனர். புயலை நாம் நிறுத்த முடியாது; ஆனால் புயலைச் சந்திக்கப் போகும் படகின் அடியில் சொட்டும் நீரை நிறுத்த முடியும்.

கேரளத்தில் ஆண்டுதோறும் சூன் 9 நள்ளிரவு முதல் சூலை 31 வரை 52 நாட்கள் இழுவைப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. தமிழகத்தின் மேற்குக் கரையிலும் சூன், சூலை மாதங்களில் தடை உண்டு. வலை பின்னவும் வண்ணம் பூசவும் அந்த நாட்கள் பயன்படுகின்றன. அவற்றுள் அரைநாளைச் சுக்கான் தண்டுக்கு ஒதுக்கினால் போதும். ஒரு மீட்டர் கயிறு, ஒரு டப்பா கிரீஸ், இரண்டு ஸ்பானர், ஒரு கைவிளக்கு: இவ்வளவே செலவு. படகின் உரிமையாளரிடம் "இதைப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேட்கும் துணிவு கூலிக்குச் செல்லும் தொழிலாளிக்கும் வேண்டும், ஏனெனில் முப்பது நாற்பது நாள் அந்தப் படகில் வாழப் போகிறவர் அவரே. வேற்று மாநிலத்தில் வேலை செய்பவர் கேள்வி கேட்கத் தயங்குவது இயல்பு. கடலோ மொழியையும் மாநிலத்தையும் பார்ப்பதில்லை.

நம் மக்கள் வீட்டுக் கூரையில் ஓர் ஓடு விலகினால் மழைக்கு முன்பே மாற்றிவைப்பார்கள். படகும் ஒரு வீடுதான். அதன் கூரை கீழே இருக்கிறது. மேலிருந்து பெய்யும் மழையைப் போலன்றி, கீழிருந்து ஏறும் நீர் ஓசை செய்வதில்லை. ஓசை செய்யாததைத் தேடிச் சென்று பார்ப்பவனே நல்ல மாலுமி. அப்படி ஒருவன் இருந்தால், மற்ற எட்டு மாலுமிகளும் நீர் இறைக்க வேண்டிய தேவையே வராது.